பன்னிரண்டு பவுண்டு காற்று

ஊட்டி ஃபிங்கர்போஸ்ட் பக்கம் பஞ்சர் கடை என்றால் பஸ், ஜீப், சுற்றுலா வேன் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அவையும் வருகின்றன, கடை வாடகையை அவைதான் கட்டுகின்றன. ஆனால் இந்தத் தொழிலில் நான் கற்றதில் பெரும்பகுதி, ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய சின்னச் சக்கரங்களிடம் கற்றது. தோட்டத்தில் மண்ணும் எருவும் சுமக்கும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி, மேலே உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் மெஷின், அதன் பின்னால் கட்டி இழுக்கும் சிறு டிரெய்லர், கேரட் வயலில் களை எடுக்கும் பவர் வீடர், மருந்து தெளிக்கும் தள்ளு டாங்க் ஆகியவற்றின் சக்கரங்கள் அவை. நீலகிரியில் இவற்றுக்குக் குறைவே இல்லை. 1848-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவும், 1874-இல் உருவான குன்னூர் சிம்ஸ் பூங்காவும், ரோஜாத் தோட்டமும், கோல்ஃப் மைதானமும், பள்ளிக்கூட மைதானங்களும், பழைய பங்களாக்களும் இருக்கிற மலை இது. புல்லையும் பூவையும் நம்பிப் பல குடும்பங்கள் சாப்பிடுகின்றன. அந்த வேலைகளெல்லாம் இந்தச் சின்னச் சக்கரங்களின் மேல்தான் நகர்கின்றன.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் மஞ்சேரிப் பக்கத்துக்காரர். கூடலூர் வழியாக மலையேறி வந்து கடை போட்டவர். காக்கா என்றுதான் ஊரே அவரைக் கூப்பிடும். அந்தக் காலத்தில் தள்ளுவண்டிச் சக்கரத்தோடு ஒரு தோட்டக்காரர் வந்தால், "இதுக்கெல்லாம் நேரமில்லை" என்று மற்ற கடைகள் திருப்பி அனுப்பிவிடும். காரணம் இருந்தது. லாரி டயருக்கு வாங்கும் கூலியில் பாதிகூட இதற்கு வாங்க முடியாது. வேலையோ இரண்டு மடங்கு. காக்கா திருப்பி அனுப்பமாட்டார். வாங்கி ஓரமாக வைத்து, மதியத்துக்கு மேல் கூட்டம் குறைந்ததும் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பிரிப்பார். அவர் சொல்லித் தந்த முதல் பாடம், "காத்து ஓடிப் போற வழிய முதல்ல காணுடா, அப்பறம் கையில சொலூஷன எடு" என்பது. இத்தனை வருடமாக நான் செய்துவருவது இந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

சின்ன டயரைப் புரிந்துகொள்ள முதலில் அதற்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். காருக்கு 30 பவுண்டுக்கு மேல் அடிக்கிறோம். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிக்கு முன் சக்கரத்தில் 14, பின் சக்கரத்தில் 10 அல்லது 12 பவுண்டு போதும். தள்ளுவண்டிக்கு 30 பவுண்டு வரை அடித்தாலும், கார் டயரில் இருக்கும் காற்றில் கால் பங்குகூட அதில் பிடிக்காது. ஆக, ஒரே அளவு ஊசித் துளையைக் கார் டயர் ஒரு வாரம் தாங்கும். தள்ளுவண்டி டயர் ஓர் இரவில் உட்கார்ந்துவிடும். பெரிய டயர்களில் யாரும் கண்டுகொள்ளாத கசிவுகளெல்லாம் சின்ன டயரில் வேலையை நிறுத்தும் கோளாறுகள். இழக்கக் கையிருப்பு இல்லாத சக்கரம் அது. அழுத்தம் பார்க்க அளவுமானியை வைக்கும்போது 'புஸ்' என்று போகிற காற்றுகூட அதற்கு ஒரு நஷ்டம்தான். லாரிக்கு வைக்கும் அளவுமானி 10 பவுண்டுக்குக் கீழே நம்பத்தக்க கணக்குக் காட்டாது. அதனால் குறைந்த அழுத்தத்தை மட்டும் காட்டுகிற சின்ன மானி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.

"அப்படியானால் புல்வெட்டிக்கும் 30 பவுண்டு அடித்துவிட்டால் என்ன?" என்று புதிதாக வரும் பையன்கள் கேட்பார்கள். புல்தரைக்காகத்தான் அந்தக் குறைவு. டயர் தரையை எவ்வளவு அழுத்தத்தோடு மிதிக்கிறது என்பது ஏறக்குறைய உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தைப் பொறுத்தது. 12 பவுண்டு அடித்த அகலமான டயர் உள்ளங்கையை விரித்து வைப்பதுபோல் புல்மேல் படிந்து போகும். 30 பவுண்டு அடித்தால் சக்கரம் உருண்டையாக நின்று, மழையில் ஊறிய மண்ணில் தடம் வெட்டும். ஊட்டியில் பரவிக் கிடக்கும் கிக்குயு புல் எவ்வளவு மிதித்தாலும் எழுந்துவிடும். ஆனால் மண்ணில் விழுந்த பள்ளம் தானாக மேடாகாது. அளவு மீறி அடித்தால் குலுக்கலும் அதிகம். ஓட்டுகிறவரின் முதுகெலும்பு அதை அறியும்.

காற்று குறைந்தாலும் புல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஒரு பங்களாத் தோட்டக்காரர் அடிக்கடி என்னிடம் வருவார். என்னைவிட மூத்தவர்.

"தம்பி, பிளேடு புதுசுதான். ஆனா வெட்டுன எடம் படி படியா தெரியுது. மெஷினத் திருப்பிக் குடுத்துரலாமான்னு அய்யா கேக்கறாரு" என்றார் ஒரு முறை.

"பிளேடுல ஒண்ணுமில்லீங்கண்ணா. எந்தப் பக்கம் ஆழமா வெட்டுது?"

"எடப் பக்கம்."

"எடப் பக்கத்து டயருல காத்து பாத்தீங்களா?"

இடது பின் டயரில் 6 பவுண்டுதான் இருந்தது. ஒரு பக்க டயர் தாழ்ந்தால் பிளேடுப் பெட்டி முழுவதும் அந்தப் பக்கம் சாயும். ஒரு பக்கம் புல்லை வழித்துவிடும். மறுபக்கம் நுனியைத் தொட்டுவிட்டுப் போகும். புல்வெட்டியின் சீர் டயரில் தொடங்குகிறது என்பதை அன்று அவர் கண்ணால் பார்த்தார். அதன்பின் சனிக்கிழமைதோறும் நான்கு சக்கரத்தையும் அளந்துவிட்டுத்தான் மெஷினை எடுக்கிறார்.

இந்த மலைக்கு என்று ஒரு தனிக் கணக்கும் உண்டு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். மேலே வர வர வெளிக்காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட 3 பவுண்டு குறைகிறது. அதனால் கோயம்புத்தூரில் காற்றடித்து லாரியில் ஏற்றிவந்த புது மெஷினின் டயர் இங்கே சற்று விறைத்து நிற்கும். குளிர் அதில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். மார்கழி, தை மாதங்களில் தலைகுந்தா பக்கம் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படியும். மதியம் வெயிலில் 12 பவுண்டு இருந்த டயர், விடியற்காலையில் பூஜ்யம் டிகிரிக்கு இறங்கும்போது ஏறத்தாழ ஒன்றரை பவுண்டு குறைந்திருக்கும். துளை ஒன்றும் இருக்காது. காற்று குளிரில் சுருங்கியிருக்கும், அவ்வளவுதான். பனிக்காலக் காலையில் "ராத்திரியில காத்து எறங்கிருச்சு" என்று சக்கரத்தோடு வருபவர்களைப் பத்து மணி வரை வெயிலில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். திரும்ப ஏறிவிட்டால் கூலி வாங்குவதற்கு என்ன இருக்கிறது?

உண்மையான கசிவு என்றால் தேடல் தொடங்குகிறது. நான் ஒரே ஒழுங்கில்தான் தேடுவேன். முதலில் வால்வு வாய். மூடியைக் கழற்றி விரலில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் வைத்தால் போதும். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு பின் தளர்ந்திருக்கிறது அல்லது அதன் ரப்பர் தேய்ந்திருக்கிறது. முறுக்கினால் சரியாகும், இல்லாவிட்டால் சில ரூபாயில் புதுப் பின். அடுத்து வால்வின் அடிப்பகுதி. டியூப் இல்லாத டயரில் வால்வு என்பது ரிம்மின் துளையில் இழுத்துச் செருகிய ரப்பர்த் தண்டு. வருடக்கணக்கில் வெயில் பட்டு அதன் கழுத்தில் வெடிப்பு விழும். நேராக நிற்கும்போது கசியாது. விரலால் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால்தான் குமிழி வரும். மூன்றாவதாகத்தான் டயரின் முகம், பக்கச்சுவர். கடைசியாக, பெரும்பாலும் குற்றவாளி இருக்கும் இடமான டயரின் ஓரம்.

டயர் ரிம்மில் உட்காரும், உள்ளே கம்பி வைத்த விளிம்பை நாங்கள் பீட் என்போம். குக்கர் மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் விசில் வராமல் ஆவி போய்க்கொண்டே இருக்குமே, அந்த மாதிரிதான் இது. பெரிய டயரில் 30, 40 பவுண்டு காற்று பீட்டை இரும்போடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கும். சிறு துருவைப் பொருட்படுத்தாது. 12 பவுண்டுக்கு அந்தப் பிடி இல்லை. அதோடு மலைச் சரிவில் குறுக்காகப் புல் வெட்டும்போது வண்டியின் எடை டயரைப் பக்கவாட்டில் தள்ளும். பீட் கணநேரம் விலகிக் காற்றை விட்டுவிட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும். துளையே இல்லாமல் காற்று குறைவதன் மர்மம் பாதி இதில் தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி துரு. புல்வெட்டி நாள் முழுவதும் ஈரப் புல்லில் ஓடுகிறது. வெட்டிய புல் ரிம்மின் உள்பக்கத்தில் பச்சைக் களியாக அப்பிக்கொள்கிறது. யூரியாவும் பொட்டாஷும் தூவிய மறுநாள் அதே தரையில் ஓட்டினால் உப்பும் சேர்ந்துகொள்கிறது. ஊட்டியின் மூடுபனிக்கு இரும்பு எப்போதும் நனைந்தே இருக்கும். பெயின்ட்டுக்கு அடியில் துரு கிளம்பி, பீட் உட்காரும் இடத்தில் பொருக்குப் பொருக்காகத் தள்ளும். அந்தப் பொருக்குகளுக்கு இடையில்தான் காற்று வழி கண்டுபிடிக்கிறது. இதற்கு எந்தப் பேட்ச்சும் உதவாது. டயரைக் கழற்றி இரும்பைச் சுத்தம் செய்வதொன்றே மருந்து.

கழற்றுவதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. கார் டயர் கழற்றும் மெஷினின் பிடிகளுக்கு 6 அங்குல ரிம் அகப்படாது. அந்தச் சின்ன வட்டத்தில் நெம்புகம்பி போட இடமும் இல்லை. காக்கா எனக்குக் கற்றுத்தந்தது வைஸ் முறை. வால்வு பின்னைக் கழற்றிக் காற்று முழுவதையும் இறக்கிவிட்டு, டயரின் பக்கச்சுவரை இரண்டு மரக்கட்டைகளுக்கு இடையில் வைத்து வைஸில் மெதுவாக இறுக்க வேண்டும். 'டக்' என்று பீட் ரிம்மிலிருந்து விட்டுக்கொடுக்கும். சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி மறுபடி இறுக்க வேண்டும். சுற்றிலும் விட்டபின் சோப்புத் தண்ணீர் தடவி, முனை மழுங்கிய சிறு நெம்புகம்பி இரண்டால் ஏற்றி எடுக்கலாம். ஒரு பக்கத்தில் நெம்பும்போது எதிர்ப்பக்கத்துப் பீட்டை ரிம்மின் நடுப்பள்ளத்தில் முழங்காலால் அழுத்திவைத்திருக்க வேண்டும். இது தெரியாமல் பலத்தைக் காட்டினால் பீட்டின் கம்பி வளைந்துவிடும். வளைந்த பீட் பிறகு எந்த ரிம்மிலும் காற்றைப் பிடிக்காது. பதறாத காரியம் சிதறாது என்பதை என் கடையில் சின்ன டயர்கள்தான் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கின்றன.

டயர் வெளியே வந்ததும் ரிம்மைக் கம்பி பிரஷால் தேய்த்து, உப்புத்தாளால் வழவழப்பாக்கி, துரு தடுக்கும் பிரைமர் ஒரு பூச்சு, மேலே பெயின்ட் ஒரு பூச்சு அடிப்பேன். நன்றாகக் காயவேண்டும், ஊட்டியில் அதற்கு ஒரு நாள் வெயில் வேண்டும். அவசரம் என்று ஈரப் பெயின்ட்டில் டயரை ஏற்றினால் பீட் அதோடு ஒட்டிக்கொண்டு அடுத்த முறை உரிந்து வரும். டயரின் பீட்டையும் துணியால் துடைத்து, ஒட்டியிருக்கும் பழைய ரப்பர்த் துணுக்கு, புல் நார், மணல் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ரிம்மில் குழிகள் ஆழமாக இருந்தால் பீட்டுக்கென்றே விற்கும் கறுப்பு சீலரை மெல்லப் பூசுவேன். சுத்தம் செய்யாமல் சீலர் மட்டும் பூசுவது துருவின்மேல் திரை போடுவது. பொருக்கு உதிரும்போது சீலரும் சேர்ந்து உதிரும்.

திரும்ப ஏற்றிக் காற்றடிக்கும்போது இன்னொரு சிக்கல். நீண்ட நாள் தட்டையாகக் கிடந்த டயரின் இரண்டு ஓரங்களும் உள்ளே ஒடுங்கியிருக்கும். அடிக்கிற காற்றெல்லாம் இடைவெளியில் போய்விடும், டயர் பிடிக்காது. இதற்கு ஒரு கயிறு போதும். டயரின் முகத்தைச் சுற்றி நடுவில் கயிற்றைக் கட்டி, ஒரு கட்டையைச் செருகி முறுக்கினால் நடுப்பகுதி உள்ளே அமுங்கும். ஓரங்கள் இரண்டும் வெளியே விரிந்து ரிம்மைத் தொடும். பீட்டில் சோப்புத் தண்ணீர், வால்வு பின் கழற்றிய நிலை, அப்போது காற்றடித்தால் வேகமாக நிறைந்து 'டப், டப்' என்று இரண்டு பக்கமும் உட்காரும். உட்காரத் தொடங்கியதும் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். கடையின் கம்ப்ரஸரில் 100 பவுண்டுக்கு மேல் காற்று நிற்கும்; சின்ன டயருக்குள் அது பாய்ந்தால் கண் மூடித் திறப்பதற்குள் எல்லை தாண்டிவிடும். பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண்தான் சட்டம். அதற்குள் பீட் உட்காராவிட்டால் காற்றை இறக்கி, மறுபடி சோப்புத் தடவி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். மேலே மேலே அடிக்கக் கூடாது. இரண்டாவது, டயருக்குள் பெட்ரோல் தெளித்துத் தீக்குச்சி கொளுத்தி 'டம்' என்று உட்காரவைக்கும் வித்தை. பார்க்க வேடிக்கையாக இருக்கும். கையும் கண்ணும் போகும். என் கடையில் அதற்கு இடமில்லை. கயிறும் பொறுமையும் இருக்கிற இடத்தில் நெருப்பு எதற்கு?

தள்ளுவண்டிச் சக்கரத்தில் ஆபத்து வேறு வடிவில் இருக்கிறது. பல தள்ளுவண்டிகளில் ரிம் ஒரே துண்டாக இருக்காது; இரண்டு தட்டுகளை போல்ட்டால் சேர்த்திருக்கும். ஆட்டோவின் சக்கரமும் இப்படித்தான். ஆட்டோவில் போடும் 4.00-8 டயரே பல தள்ளுவண்டிகளிலும் பவர் வீடர்களிலும் ஓடுகிறது. அதனால் மலையில் சுலபமாகக் கிடைக்கும் சின்ன டயரும் இதுதான். இந்தச் சக்கரத்தில் நட்டுகளைத் தொடுவதற்கு முன் காற்று முழுவதும் இறங்கியிருக்க வேண்டும். வால்வு பின்னைக் கழற்றிக் கையில் எடுத்துவைத்த பின்தான் ஸ்பானர். உள்ளே காற்று இருக்கும்போது நட்டைக் கழற்றினால் இரண்டு தட்டுகளும் வெடித்துப் பிரியும். புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் நாளே இதைச் சொல்லி, அவன் வாயால் திருப்பிச் சொல்லக் கேட்டுவிட்டுத்தான் கையில் ஸ்பானர் கொடுப்பேன். திரும்பப் பூட்டும்போது டியூபில் கொஞ்சம் காற்று அடித்து அது உருண்டையானபின் தட்டுகளைச் சேர்க்க வேண்டும். வெறும் டியூப் மடிந்து இரண்டு தட்டுக்கும் நடுவில் கடிபட்டால், புது டியூபும் அன்றே பஞ்சர்.

முள்ளைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. சமவெளியில் நெருஞ்சியும் சீமைக் கருவேலமும் டயரைக் குத்தும். இங்கே வேறு முட்கள். ஆங்கிலேயர் கொண்டுவந்து நட்ட கோர்ஸ் என்ற மஞ்சள் பூ முட்புதர் இன்று ஊட்டியைச் சுற்றி மேடெல்லாம் பரவிக் கிடக்கிறது. அதன் இலையே முள்தான், காய்ந்தால் ஊசியாகிவிடும். அடுத்தது ரோஜாக் கவாத்து. வெட்டிய ரோஜாக் கிளைகளைத் தள்ளுவண்டியில் அள்ளும்போது பாதி வழியில் சிந்தும்; அதே வழியில் வண்டி திரும்ப வரும். முள் உள்ளே ஒடிந்து ரப்பரோடு ரப்பராக மறைந்துவிடும். டியூபை மட்டும் ஒட்டிப் போட்டால் அதே முள் மறுநாள் அதே இடத்தில் குத்தும்.

அதனால் டயரைக் கழற்றுவதற்கு முன்பே வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன். டியூபில் துளை கிடைத்ததும் அதை அதே கோட்டுக்கு நேராக டயர்மேல் வைத்துப் பார்த்தால் முள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். டயரின் உட்புறத்தை முதலில் பஞ்சால் தடவ வேண்டும். முள்ளில் பஞ்சு மாட்டிக்கொள்ளும், விரலும் தப்பும். துளை வெளிப்பக்கம் இருந்தால் முள். உள்பக்கம் இருந்தால் ரிம்மில் பிசிறு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் இருந்தால் காற்றில்லாமல் கல்மேல் ஏற்றிக் கடிபட்டது. துளையின் இடத்தைப் பார்த்தாலே வண்டி எப்படி ஓடியது என்று சொல்லிவிடலாம்.

ஒட்டும் முறை எல்லா டியூபுக்கும் ஒன்றுதான். ஆனால் சின்ன டியூபுக்குச் சின்னப் பேட்ச் வேண்டும். குழாய் மெல்லியது, வளைவு அதிகம். பெரிய பேட்ச்சைப் போட்டால் காற்று ஏறும்போது ஓரம் கிளம்பும். துளையைச் சுற்றி ரப்பரின் பளபளப்பு போகும்வரை உரச வேண்டும். சொலூஷனை மெல்லத் தடவி, விரலின் பின்பக்கத்தால் தொட்டால் ஒட்டாத அளவு காயவிட வேண்டும். ஈரத்திலேயே பேட்ச்சை வைப்பதுதான் பாதி ஒட்டுகள் பிரிவதற்குக் காரணம். மழைக்கால ஊட்டியில் காய்வதற்குக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். ஓரங்கள் வட்டமாக வெட்டிய பேட்ச்சை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தி, தேய்த்து, பவுடர் தூவி உள்ளே அனுப்பினால் டியூப் டயரில் ஒட்டாமல் சீராக விரியும்.

டியூப் இல்லாத புல்வெட்டி டயர் மிகவும் வெடித்து, ரிம்மும் தேய்ந்துபோனால் உள்ளே டியூப் போடுவதே நல்ல வழி. சரியான அளவு டயருக்குச் சொல்லிவிட்டுக் கோயம்புத்தூரிலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ வரும்வரை காத்திருப்பதற்குள் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிடும். டியூப் போடுமுன் டயரின் உட்சுவரில் ஒட்டிய காகிதத்தைக் கிழித்தெடுத்து, ரிம்மின் பிசிறுகளை அரம் போட வேண்டும். ஹப்புக்கு நெருக்கமான சிறு ரிம்மில் நேரான வால்வு நீட்டிக்கொண்டு பம்ப் மாட்ட இடம்விடாது. வளைந்த வால்வு உள்ள டியூப் கேட்டு வாங்க வேண்டும். பியூட்டைல் ரப்பர் டியூப் கிடைத்தால் அதையே போடுவேன்; சாதாரண இயற்கை ரப்பரைவிட அது பல மடங்கு காற்றைத் தக்கவைக்கும்.

டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். முகத்தில் நிறைய மெல்லிய முள்துளைகள் உள்ள, மெதுவாக ஓடும் சக்கரத்துக்கு அது பயன்படும். துருப் பிடித்த பீட்டுக்கும் வெடித்த பக்கச்சுவருக்கும் நிரந்தரமாக உதவாது. ஒரு முறை ஊற்றிய டயரைப் பிறகு ஒட்ட வேண்டுமானால் அந்தக் களியை முழுவதும் வழித்துக் கழுவிய பின்தான் ரப்பர் ஒட்டும். காற்றே வேண்டாத திட ரப்பர்ச் சக்கரமும் வந்திருக்கிறது. கட்டடம் கட்டும் இடத்தில் ஆணியும் ஜல்லியும் மேல் ஓடும் தள்ளுவண்டிக்கு அது நல்லது. ஆனால் அது கனம், அதிர்ச்சியை உள்வாங்காது, கல்லில் மோதினால் அடி நேரே கைப்பிடி வழியாக மணிக்கட்டுக்கு வரும். பூந்தொட்டி சுமக்கும் வண்டிக்குக் காற்றுச் சக்கரம்தான் சரி.

காற்றடைத்த டயர் உலகத்துக்குப் பரவியதே ஒரு சின்னச் சக்கரத்திலிருந்துதான். ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அது நிலைக்கவில்லை. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் பாவிய தெருவில் குலுங்காமல் ஓட வேண்டும் என்று ரப்பர் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் கட்டினார். 1888-இல் அவர் காப்புரிமை பெற்றபின்தான் சைக்கிளும் காரும் காற்றின்மேல் ஓடத் தொடங்கின. ஒரு குழந்தையின் உடம்பு வலிக்கக் கூடாது என்ற அக்கறையில் பிறந்த பொருள் இது. தள்ளுவண்டியைத் தள்ளுகிற உடம்புக்கும் அந்த அக்கறை உரியது என்று நான் நம்புகிறேன்.

மே மாத மலர்க் கண்காட்சிக்கு முந்தைய வாரங்களில் இந்த ஊரைப் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான பூந்தொட்டிகள் நாற்றங்காலிலிருந்து மாடங்களுக்குப் போகின்றன. தள்ளுபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். 30 பவுண்டு இருக்க வேண்டிய சக்கரத்தில் 10 பவுண்டு இருந்தால் டயர் தரையில் நசுங்கி ஒவ்வோர் அடிக்கும் இழுத்துப் பிடிக்கும். சுமை அதேதான், தள்ள வேண்டிய பலம் கூடிவிடும். ஏற்றத்தில் அந்த வித்தியாசம் இடுப்பில் இறங்கும். "வண்டி இன்னிக்கு என்னமோ ரொம்பக் கனக்குது தம்பி" என்று ஓர் அக்கா சொன்னால் நான் தொட்டிகளைப் பார்ப்பதில்லை, டயரைப் பார்க்கிறேன். மேற்பார்வையாளர்கள் மெஷினுக்குச் சர்வீஸ் கணக்கு எழுதுகிறார்கள்; தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு அப்படி ஒரு கணக்கு எங்கும் இல்லை. அது எழுதப்பட வேண்டும். வாரம் ஒரு முறை காற்றுப் பார்ப்பதற்கு ஆகும் நேரம், ஒரு டீ குடிக்கும் நேரம்கூட இல்லை.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கால்பம்பும் சிறு அளவுமானியும் ஒன்று வாங்கி மெஷின் கொட்டகையில் மாட்டிவையுங்கள். வால்வு மூடி தொலைந்தால் அன்றே புதிது போடுங்கள். மண் உள்ளே போவதைத் தடுப்பது அதுதான். புல் வெட்டி முடித்ததும் ரிம்மில் அப்பிய களியைத் தட்டிவிடுங்கள். உரம் தூவிய நாளில் சக்கரத்தைத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் அச்சுக்குக் கீழே கட்டை கொடுத்து டயரைத் தரையிலிருந்து தூக்கி, வெயில் படாமல் மூடுங்கள். சக்கரத்தைக் கழற்றும்போது பிளக் ஒயரை எடுத்துவிட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுங்கள். கழற்றிய வாஷரும் லாக்கும் எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் ஒரு துணியில் அடுக்கி, அச்சில் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். இதற்கு மேலும் காற்று இறங்கினால் சக்கரத்தை மட்டும் கழற்றிக் கொண்டுவாருங்கள். ஒட்டுப் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்டு வருகிறவரின் சக்கரம் அதே கோளாறுக்காக என் கடைக்குத் திரும்பி வரக் கூடாது. நான் வாங்கும் கூலி அதற்குத்தான்.